தம்பி மகனுக்கு 11 நாள்: அத்தையின் அன்புக்கு எல்லை எது?

மழைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

என் தம்பிக்கு மகன் பிறந்து இன்றோடு 11 நாள்கள் ஆகின்றன. உதவிக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறேன். எனக்குக் குழந்தைகள் இல்லை; அதற்கான காரணங்களை இங்கே எழுதப்போவதில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் நான் கேட்க வருவது முழுமையாகாது. தம்பிக்கும் எனக்கும் 9 வயது வேறுபாடு. அவன் பிறந்தபோது வலது காதின் மேல்விளிம்பு சற்று மடிந்திருந்தது. இப்போது அவன் மகனுக்கும் அதே காது அதே இடத்தில் மடிந்திருப்பதைப் பார்த்ததும், 9 வயதுச் சிறுமியாகக் கால் நீட்டி உட்கார்ந்து, "தலையைப் பிடித்துக்கொள்" என்று அம்மா சொல்லச் சொல்ல, தம்பியை முதன்முதலில் மடியில் வாங்கிக்கொண்ட நாள் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

இவ்வளவு அன்பு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அவன் மணிக்கட்டில் தோல் மெல்லிய தாளைப்போல உரிந்துகொண்டிருக்கிறது. தோளில் பூனைமயிர் இன்னும் உதிரவில்லை. மேலுதட்டின் நடுவில், பால் குடித்துக் குடித்து உண்டான சிறு கொப்புளம் ஒன்று இருக்கிறது. மூடிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தால், உள்ளங்கை ரேகைகளுக்கு இடையில் போர்வையின் நூலிழைகள் ஒட்டியிருக்கின்றன. ஈரப் பஞ்சால் அவற்றைத் துடைத்தெடுக்க எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரமும் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

நடந்தது இதுதான். எட்டாம் நாள் பிற்பகல், அவன் என் தோளில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் தூங்கிக்கொண்டிருந்தான். தம்பியின் மனைவி அறைக்குள் வந்து சற்று நேரம் நின்றுவிட்டு, "அக்கா, கொடுங்கள், பால் கொடுக்க வேண்டும்" என்றார். அவன் பால் குடித்து அப்போது இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு, பிறர் பொருளை எடுத்து வைத்திருந்து பிடிபட்டவளைப்போல என் உடம்பெல்லாம் கூசியது. அன்றிரவு நெடுநேரம் அழுதேன். அவர் நல்ல பெண். என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனால்தான் தவறு என்னிடம் இருக்கிறதோ என்ற அச்சம் வருகிறது. பெறாத பிள்ளைமீது இவ்வளவு அன்பு வைப்பது இயல்புதானா? அதற்கு எங்கே எல்லை வகுத்துக்கொள்வது? இதைக் கடந்து வந்தவர்கள் மனம் திறந்து எழுதினால் நன்றியுடன் படிப்பேன்.


நெடுவழி

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளின் தாய். என் நாத்தனார் உங்களைப்போலவே என் மூத்த பிள்ளையைக் கீழே விடாமல் வைத்திருந்தார்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அது கடிகாரம் பார்த்து வருவதில்லை. சில வேளைகளில் ஒரு மணி நேரத்திலேயே மறுபடியும் கேட்கும். அழுகை பசியின் கடைசி அறிகுறிதான். அதற்கு முன்பே குழந்தை தூக்கத்தில் தலையைப் பக்கவாட்டில் திருப்பும், வாயைச் சப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். தோளில் கிடக்கும் குழந்தையின் முகம் தூக்கியிருப்பவருக்குத் தெரியாது, எதிரே நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் சற்று நேரம் நின்றார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நேரத்தில் அவர் இதைத்தான் பார்த்திருக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரங்களில், குழந்தை அடுத்த அறையில் முனகினாலே எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிடும். மார்பு கனத்து வலிக்கும்போது "எனக்கு வலிக்கிறது, கொடுங்கள்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, "அவனுக்குப் பசி" என்று சொல்லியிருக்கிறேன். என் நாத்தனார்மீது எனக்குக் கோபமே இல்லை. குழந்தை கண்ணில் படாத ஒவ்வொரு நிமிடமும், என் உடம்பின் ஒரு பகுதியை வேறு அறையில் விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். அதை அவரிடம் விளக்க அப்போது எனக்குச் சொற்கள் கிடைக்கவில்லை. உங்கள் தம்பி மனைவிக்கும் கிடைத்திருக்காது. இன்னும் 11 நாள்கள்தானே ஆகியிருக்கின்றன.


விடியற்பணி

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 19 ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். அத்தைகளையும் சித்திகளையும் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பேன். கண்ணாடிக்கு வெளியே நின்று கண்ணீர் விடுபவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், இயல்புதான்.

உங்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய சில செய்திகளைச் சொல்கிறேன். இந்த வயதில் குழந்தையின் பார்வை ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில்தான் ஓரளவு தெளிவாக இருக்கும். கை மடிப்பில் ஏந்தியிருப்பவரின் முகம் இருக்கும் தொலைவு அது. எனவே நீங்கள் ஏந்தும்போது அவன் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறான். உள்ளங்கையில் விரல் வைத்தால் இறுகப் பற்றுவது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல். ஐந்தாறு மாதங்களில் அது மறைந்து, தானாக விரும்பிப் பற்றும் பழக்கம் அதன் இடத்துக்கு வரும். முகம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை தூக்கத்தில் வரும் புன்னகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குரலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கருவில் இருக்கும்போதே கேட்ட தாயின் குரலைப் பிறந்த குழந்தை மற்றக் குரல்களைவிட விரும்புகிறது என்பதை 1980ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், தாயின் குரல் ஒலிப்பதற்காகத் தாங்கள் சப்பும் முறையையே மாற்றிக்கொண்டன. தந்தையின் குரலுக்குக்கூடத் தொடக்கத்தில் அந்த முன்னுரிமை கிடைப்பதில்லை. அத்தையின் குரல் தினமும் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டிய குரல். பழகும், உறுதியாகப் பழகும்.

இனி, கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. ஒவ்வொரு முறையும் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். முகத்திலும் கைகளிலும் முத்தமிடாதீர்கள். பெரியவர்களின் உதட்டில் சிறு கொப்புளமாக வந்துபோகும் அக்கி வகைக் கிருமி, பச்சிளங்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உங்கள் உதட்டில் கொப்புளமோ இருமலோ காய்ச்சலோ இருந்தால் அன்று தூக்காமல் இருப்பதுதான் அன்பு. கக்குவான் இருமல் தடுப்பூசியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தபடி நீங்கள் கண் அயர்ந்துவிடக் கூடாது. குழந்தையின் மூச்சு அடைபடுவதற்கு மிக அதிக வாய்ப்புள்ள இடங்களில் சோபாவும் ஒன்று. உங்களுக்குத் தூக்கம் வந்தால், அவனைத் தனிப் படுக்கையில், தலையணையோ தளர்ந்த போர்வையோ இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள்.


ஆலநிழல்

மகளே, என் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் ஆறு பேரைப் பிறந்த நாள்முதல் தூக்கி வளர்த்தவள் நான். ஆறு பேரையும் முத்தமிட்டேன். ஆறு பேரும் நலமாக இருக்கிறார்கள். தூக்காதே, முத்தமிடாதே, இப்படிப் படுக்க வை, அப்படிப் படுக்க வைக்காதே என்று இன்று அடுக்கும் விதிகளைக் கேட்டால், பிள்ளை அருகில் போகவே பெண்கள் பயப்படுவார்கள் போலிருக்கிறது. அத்தை என்றால் உரிமை உள்ளவள். நீ அழ வேண்டியதே இல்லை.


விடியற்பணி

அம்மா, ஆறு பிள்ளைகளை நீங்கள் வளர்த்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் முத்தத்தால் நோயுற்ற குழந்தையைக் கையில் ஏந்திய இரவுகள் எனக்கு உண்டு. அது அரிதாகத்தான் நடக்கும். நடந்த வீட்டில் முத்தமிட்டவரால் அதன் பிறகு தலைநிமிர்ந்து இருக்க முடிவதில்லை. அந்த முகங்களை நான் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு கறாராக எழுதினேன். பாதத்தை வருடலாம், தலையை நெஞ்சில் சாய்த்துக்கொள்ளலாம், மணிக்கணக்கில் பேசலாம். அன்பு காட்ட இடம் நிறையவே இருக்கிறது.


ஆலநிழல்

சரி மகளே. நீ பார்த்ததை நான் பார்த்ததில்லை. ஏற்றுக்கொள்கிறேன்.


கூழாங்கல்

"பெறாத பிள்ளைமீது இவ்வளவு அன்பு இயல்புதானா" என்ற கேள்விக்கு அறிவியல் பக்கத்திலிருந்து சிறிது எழுத விரும்புகிறேன்.

அத்தைக்கும் மருமகனுக்கும் சராசரியாக 25 விழுக்காடு மரபணு பொதுவானது. பாட்டிக்கும் பேரனுக்கும் உள்ள அளவும் அதுவே. உறவினருக்காக ஓர் உயிர் ஏன் தன்னை வருத்திக்கொள்கிறது என்பதை இந்த உறவளவைக் கொண்டு விளக்கும் கோட்பாட்டை 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் வெளியிட்டார். ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது வேறொரு செய்தி. பெரிய நெற்றி, உருண்டைக் கன்னம், பெரிய கண்கள் ஆகியவற்றைக் கொண்ட முகம் பார்ப்பவரிடம் பராமரிக்கும் உந்துதலைத் தூண்டுகிறது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தை பெறாத பெண்களுக்கு அத்தகைய குழந்தை முகங்களைக் காட்டியபோது, மூளையில் இன்பத்தையும் விழைவையும் எழுப்பும் பகுதி வலுவாகச் செயல்பட்டது பதிவாகியிருக்கிறது. அவை முன்பின் அறியாத குழந்தைகளின் முகங்கள். உங்கள் கையில் இருப்பதோ தம்பியின் மடிந்த காதோடு பிறந்த பிள்ளை.

மானிடவியலாளர் சாரா ஹர்டி 1970களில் அபு மலைப் பகுதியில் அனுமன் மந்திகளை ஆராய்ந்தார். அந்தக் கூட்டங்களில் பிறந்த குட்டியை மற்றப் பெண் மந்திகள் முதல் நாள்களிலிருந்தே தாயிடமிருந்து வாங்கித் தூக்கித் திரிகின்றன. இன்னும் குட்டி ஈனாத இளம் பெண் மந்திகளே இதில் மிகுந்த ஆர்வம் காட்டுகின்றன. தாய் அந்த நேரத்தில் இரை தேடுகிறது; வேண்டியபோது வந்து குட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மனிதக் குழந்தை தாய் ஒருத்தியால் மட்டும் வளர்க்க முடியாத அளவுக்கு நீண்ட காலம் பிறரைச் சார்ந்திருப்பதால், அத்தையும் பாட்டியும் சூழ்ந்து வளர்ப்பதே நம் இனத்தின் தொன்மையான வழி என்பது பின்னாளில் ஹர்டி முன்வைத்த வாதம். "வேண்டியபோது தாய் திரும்ப வாங்கிக்கொள்கிறது" என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பிறர் கையில் கொடுத்திருந்தும் தாய் நிம்மதியாக இருப்பதற்கு அதுதான் அடிப்படை.


சிறுதூறல்

கூழாங்கல் அவர்களே, 25 விழுக்காடு என்ற கணக்கைப் படித்தபோது எனக்கு மனம் சற்று வலித்தது. என் அக்காள் மகன் தத்தெடுக்கப்பட்டவன். அவன் 23 நாள் குழந்தையாக வீட்டுக்கு வந்தபோது எங்களுக்குள் பொதுவான மரபணு ஒன்றும் இல்லை. முதல் இரவு அக்காளும் நானும் மாறி மாறி விழித்திருந்து, அவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தோம். எந்தக் கணக்கில் அதைச் சேர்ப்பது?


கூழாங்கல்

எந்தக் கணக்கிலும் சேராது. நீங்கள் சொல்வது சரி. நான் எழுதியது அன்பு எங்கிருந்து தொடங்கக்கூடும் என்பதைப் பற்றி மட்டுமே. மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்த இரவிலிருந்து அது வேறொன்றாகிவிடுகிறது.


தாழ்வாரம்

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நான் சித்தி. அக்காள் மகனை "என் மகன்" என்றுதான் சொல்கிறேன். சித்தி என்ற சொல்லே "சிறிய தாய்" என்ற பொருளில் தாய்மையை உள்ளே வைத்திருக்கிறது. அண்ணன் தம்பி மகனையோ "மருமகன்" என்கிறோம். அத்தையின் அன்பு சித்தியின் அன்புக்குக் குறைந்தது இல்லை; ஆனால் தாயோடு கூடப் பிறந்தவள் தாயின் அறைக்குள் கேட்காமலே நுழைந்துவிடுவாள், அத்தை வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. மழைச்சாரலின் கண்ணீரில் பாதி அந்த வாசலால் வந்தது என்று எனக்குப் படுகிறது. கேட்டுவிட்டு நுழைவதில் குறைவு எதுவும் இல்லை, தோழி.


பனிப்போர்வை

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள்களாக யோசித்தேன்.

என் தம்பி மகன் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,450 கிராம். முதல் பன்னிரண்டு நாள்கள் பெற்றோரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. கண்ணாடிக்கு இப்பால் நின்று, கருவியின் திரையில் ஏறி இறங்கும் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் முகத்தில் பாதியை ஒட்டுப்பட்டை மறைத்திருந்தது. மூக்கின் வழியே பால் செல்லும் குழாய். அவன் எப்படி இருக்கிறான் என்று தெரியாமலே அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் அவன் தாய்க்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தம்பி ஏற்கெனவே ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காமல், நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறைப் பராமரிப்பைச் செய்துகொண்டிருந்தான். 1970களின் இறுதியில், கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாமல் இரண்டு மருத்துவர்கள் தொடங்கிய முறை அது. எடை குறைந்த குழந்தைகளுக்கு அதைப் பிறந்தவுடனே தொடங்கி, ஒரு நாளைக்குக் குறைந்தது 8 மணி நேரம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தாயால் முடியாதபோது தந்தையோ குடும்பத்தில் வேறொருவரோ அதைச் செய்யலாம். தம்பியால் உட்காரக்கூட முடியாத நிலை வந்தபோது, தாயிடம் கேட்டுவிட்டு, செவிலி என்னை உள்ளே அழைத்தார்.

கை கழுவி, மேலங்கியை முன்புறம் திறந்து, சாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அரைக்கச்சையும் தொப்பியும் மட்டும் அணிந்த அவனை என் நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி வைத்து, தவளைக் குட்டியைப்போலக் கைகால்களை மடக்கி, துணியால் சுற்றிக் கட்டினார்கள். முதலில் கனமே தெரியவில்லை. அவன் மூச்சு என் தொண்டைக்குழியில் பட்டது. சற்று நேரம் கழித்துத்தான் ஒரு சூடு, உள்ளங்கை அளவுள்ள சூடு, நெஞ்சில் பரவுவதை உணர்ந்தேன். அது என் சூடா அவன் சூடா என்று பிரித்தறிய முடியவில்லை. நான் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. "நீங்கள் இயல்பாக மூச்சு விடுங்கள், அவனுக்கும் அதுதான் நல்லது" என்றார் செவிலி. மூன்று மணி நேரம் அப்படியே இருந்தேன். திரையில் ஏறி இறங்கிய எண்கள் மெல்ல ஒரு சீருக்கு வந்தன.

அப்போது ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். "இவன் என் பிள்ளையாக இருந்திருக்கக் கூடாதா" என்ற எண்ணம் எனக்கு வந்தது. எனக்கும் குழந்தை இல்லை. இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது. அந்த எண்ணம் வந்ததற்காகப் பல மாதங்கள் என்னை நானே வெறுத்தேன். பிறகு ஒருநாள் தம்பி மனைவியிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்று அவனுக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள், நான் படுக்கையில் இருந்தேன்" என்றார். மழைச்சாரல், உங்கள் கண்ணீரில் உங்கள் மருமகன்மீதுள்ள அன்போடு, பிறக்காமல் போனவர்களுக்கான துயரமும் கலந்திருக்கலாம். இரண்டும் உண்மையானவைதான். ஆனால் அந்தத் துயரத்தைத் தாங்கிக்கொள்ளும் பொறுப்பை 11 நாள் குழந்தையிடம் விட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு பெரியவர் வேண்டும்: தோழியோ, மனநல ஆலோசகரோ, யாரேனும் ஒருவர்.


மழைச்சாரல்

பனிப்போர்வை அவர்களே, உங்கள் பதிவை நான்கு முறை படித்துவிட்டேன். இப்போதைக்கு நன்றி என்று மட்டும் எழுத முடிகிறது.


தொலைவானம்

நான் கடல் கடந்து இருக்கும் அத்தை. அண்ணன் மகன் பிறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. இன்னும் அவனை நான் தொட்டதில்லை. அலைபேசித் திரையில் நான் பேசினால், முதல் மாதங்களில் அவன் விளக்கைத்தான் பார்த்தான். அன்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி பால் கொடுக்க எழும் பின்னிரவு 3 மணி எனக்குப் பகல் நேரம். "விழித்திருக்கிறீர்களா அண்ணி" என்று ஒருநாள் செய்தி அனுப்பினேன். அன்றிலிருந்து அந்த அரைமணி நேரம் எங்களுடையதாயிற்று. அவர் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு பால் கொடுப்பார். நான் பேசுவேன், அல்லது இருவரும் பேசாமல் இருப்போம்.

அந்த இரவுகளில்தான் அவர் குரல் மாறுவது எனக்குத் தெரிந்தது. பிள்ளை பெற்ற முதல் சில நாள்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலோருக்கு உண்டு. இரண்டு வாரங்களுக்குள் அது தணிந்துவிடும். அண்ணிக்கோ ஐந்தாம் வாரத்திலும் அழுகை நிற்கவில்லை. குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. "நான் இல்லாவிட்டால் இவன் நன்றாக இருப்பான்" என்று ஒருநாள் சொன்னார். நான் அப்போதே அண்ணனை அழைத்து எழுப்பினேன். மறுநாள் காலை மருத்துவரிடம் போனார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வெளியான பத்துக் கேள்விகள் கொண்ட படிவத்தை முதலில் நிரப்பச் சொன்னார்களாம். சிகிச்சை தொடங்கியது; இப்போது அண்ணி சிரிக்கிறார். அவனைத் தூக்க முடியாத நான் அவனுக்குச் செய்த பெரிய காரியம் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் தம்பி மனைவி எப்படித் தூங்குகிறார் என்று யாராவது அவரைக் கேட்டீர்களா?


ஏட்டுச்சுவடி

இந்த இழையில் நான் ஒருவன்தான் மருமகனாக எழுதுகிறேன் போலிருக்கிறது. எனக்கு 34 வயது. என் அத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவருடைய அலமாரியில் கோடு போட்ட பழைய குறிப்பேடு ஒன்று கிடைத்தது. நான் பிறந்த நாள் தொடங்கி 40 நாள்களுக்கான பதிவுகள் அதில் இருந்தன. பெரும்பாலும் எண்கள்தான்: எப்போது பால் குடித்தேன், எத்தனை துணி நனைத்தேன். "ஐந்தாம் நாள். ஏழு முறை. அம்மாவுக்கு நிம்மதி." "ஒன்பதாம் நாள். கண்ணின் மஞ்சள் குறைந்திருக்கிறது." "பதினேழாம் நாள். பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டான்." நடுவில் எங்கோ ஒரு வரி: "இன்று தும்மினான், தும்மலுக்குத் தானே பயந்துவிட்டான்."

அம்மாவிடம் காட்டினேன். அந்த நாள்களில் பாதி தனக்கு நினைவிலேயே இல்லை, உடம்பு அவ்வளவு சோர்ந்து போயிருந்தது என்றார். என் வாழ்வின் முதல் 40 நாள்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி என் அத்தை. என்னைத் தூக்கி வைத்திருந்ததைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மா எவ்வளவு நேரம் தூங்கினார் என்று ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறார்.


மழைச்சாரல்

சில நாள்கள் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று அவனுக்கு 19 நாள்.

தொலைவானம் கேட்ட கேள்வியை அன்று மாலையே தம்பி மனைவியிடம் கேட்டேன்: "இரவில் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள்?" அவர் பதில் சொல்லாமல் அழுதுவிட்டார். பிறகு, எட்டாம் நாள் நான் மனம் வருந்தியதைத் தானும் கவனித்ததாகவும், எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். நெடுவழி எழுதியதுதான் உண்மை. அவருக்கு அன்று மார்பில் கடும் வலி. நானும் என் மனத்தில் இருந்ததைச் சொன்னேன், முழுவதும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை. மீதியைச் சொல்ல ஓர் ஆலோசகரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

"உங்களுக்கு எது உதவியாக இருக்கும்" என்று கேட்டதற்கு, நான் நினைத்திராத ஒன்றைச் சொன்னார். அதிகாலை 4 மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை நான் வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு 6 மணி வரை அவர் தூங்குவார். பசி என்று தெரிந்தால் மட்டும் எழுப்ப வேண்டும். ஆகவே இப்போது 4 மணி முதல் 6 மணி வரை அவனும் நானும் மட்டும் விழித்திருக்கிறோம். ஏப்பம் வரும்வரை நிமிர்த்திப் பிடித்திருப்பேன். பிறகு கை மடிப்பில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுவேன். விடியற்பணி சொன்ன 20 சென்டிமீட்டரை அளந்தே வைத்துக்கொள்கிறேன். எனக்குக் கண் சொருகினால் அவனைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிடுகிறேன்.

மூன்று நாள்களுக்கு முன், அவனுடைய 16ஆம் நாள், அந்த நேரத்தில் துணி மாற்றும்போது தொப்புள்கொடியின் காய்ந்த முனை தானாகக் கழன்று துணியில் கிடந்தது. கறுத்து, உலர்ந்து, ஒரு சிறு வேர்த்துண்டைப்போல இருந்தது. தாயையும் பிள்ளையையும் இணைத்திருந்ததன் கடைசி எச்சம் அது. என் கண்முன்னே விழுந்துவிட்டது. உடனே எழுப்பிக் காட்டலாமா என்று தவித்தேன். அவர் தூங்கத் தொடங்கி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அதை ஒரு வெள்ளைத் தாளில் மடித்து, குறிப்பேட்டுக்குள் வைத்துவிட்டு (ஏட்டுச்சுவடிக்கு நன்றி, நானும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்), 6 மணி வரை காத்திருந்தேன். கதவு திறந்ததும் முதலில் குழந்தையைக் கொடுத்தேன், பிறகு தாளைக் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. என்னைத் தன் பக்கத்தில் கட்டிலில் உட்காரச் சொன்னார்.

விடியற்பணிக்கு ஒரு கேள்வி: கொடி விழுந்த இடத்தில் நேற்றும் இன்றும் ஒரு பொட்டு இரத்தம் துணியில் ஒட்டியிருந்தது. இது இயல்பா?


விடியற்பணி

ஒன்றிரண்டு பொட்டு இரத்தமும் சிறிது ஈரமும் இயல்புதான். ஓரிரு நாள்களில் காய்ந்துவிடும். எதையும் தடவாமல் உலர்வாக வையுங்கள். அரைக்கச்சையின் விளிம்பு அந்த இடத்தில் உரசாதபடி கீழே மடித்துவிடுங்கள். சுற்றியுள்ள தோல் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, இரத்தம் நிற்காமல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். உடல்வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், இந்த வயதில் காலைவரை காத்திருக்கவே கூடாது. அதிகாலை 4 மணியானாலும் தாயை எழுப்பி உடனே புறப்படுங்கள்.